உடம்பு கிழவருடையது! முடிவு யாருடையது?



ஒரு சென்டு நிலத்தை விற்பதானாலும் பட்டாதாரர் கையெழுத்து இல்லாமல் ரிஜிஸ்ட்ரார் பத்திரத்தைத் தொடமாட்டார். ஒரு ஜதை உழவு மாட்டை விற்பதானாலும் மாட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் எந்தத் தரகனும் துண்டைப் போட்டு விலை பேசமாட்டான். ஆனால் அந்த நிலத்துக்கும் அந்த மாட்டுக்கும் சொந்தக்காரரான 75 வயதுக் கிழவருடைய சொந்த உடம்பை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது மாத்திரம், அவர் கையெழுத்தும் வேண்டியதில்லை, அவர் சம்மதமும் வேண்டியதில்லை, அவருக்கு விஷயம் தெரிய வேண்டியதும் இல்லை என்பதாக நம் நாட்டில் ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. சிறுநீரகம் கெட்டுப்போன முதியவர்கள் விஷயத்தில் இந்த வழக்கம் எவ்வளவு அக்கிரமமாக நடக்கின்றது என்பதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தோழர்களில் பலர் இதைத் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். கிழவருக்குக் கால் வீங்குகின்றது. வாய் கசக்கின்றது. சோற்றைக் கண்டால் குமட்டுகின்றது. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகின்றது. டாக்டர் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "பையன் யாராவது உள்ளே வாங்க" என்கின்றார். மகன் உள்ளே போகின்றார். மருமகன் உள்ளே போகின்றார். பட்டணத்தில் இருக்கும் இளைய மகன் டெலிபோன் வழியாக உள்ளே போகின்றார். கிழவர் மாத்திரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். அரைமணி நேரம் சென்று வெளியே வந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை அப்பா, ரத்தத்தில் கொஞ்சம் உப்பு ஜாஸ்தியாம், சுத்தம் பண்ணிவிட்டால் சரியாய்ப் போகுமாம்" என்கின்றார்கள். மறுநாள் அவர் கழுத்தில் குழாய் ஏறுகின்றது. அது எதற்காக ஏறிற்று, எத்தனை நாளைக்கு, வேறு வழி உண்டா என்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, "இன்னும் எத்தனை தடவைடா போகணும்?" என்று அவர் கேட்கும்போதுதான், "ஆயுசு பூராவும்" என்கின்ற பதில் ஒருவர் வாயிலிருந்து தவறி விழுகின்றது.

இன்னொரு வீட்டில் இதற்கு நேர் விரோதமாக நடக்கின்றது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கிழவி. உள்ளே பேச்சு முடிந்து வெளியே வந்தவர்கள், "வயசு 70 ஆகிவிட்டது, இனி எதற்கு இந்த அம்மாளை இம்சிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்" என்கின்றார்கள். அந்த அம்மாள் நேற்று வரையில் தானே தண்ணீர் எடுத்துத் தானே சமைத்தவர். யந்திரத்தின் உதவியால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக வாழ்ந்திருக்கக்கூடும். ஆனால் அப்படி ஒரு யந்திரம் இருக்கின்றது என்கின்ற சேதிகூட அவர் காதில் விழாமலே அவர் கதை முடிந்து போகின்றது.

முதல் வீட்டில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் இறக்கிவிட்டார்கள். நாம் ஏற்றியது தப்பு என்றும் சொல்ல வரவில்லை, இறக்கியது தப்பு என்றும் சொல்ல வரவில்லை. ஏற்றப்பட்டவரையும் இறக்கப்பட்டவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் தப்பு என்று சொல்லுகின்றோம்.

வியாதி என்ன? வழிகள் என்ன?

சிறுநீரகம் என்பது நம் இடுப்புக்குச் சற்று மேலே முதுகுப் பக்கமாக, கைமுஷ்டி அளவில் இருக்கும் இரண்டு உறுப்புகள். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, வேண்டாத கழிவோடு சுமார் ஒன்றரை லிட்டரை மூத்திரமாக வெளியே தள்ளுகின்றன. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாக இந்த வடிகட்டியை அரித்துக்கொண்டே வருகின்றன. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கி ஆண்டுக் கணக்கில் விழுங்கிய மாத்திரைகளும், ஈயமும் பாதரசமும் கலந்த பஸ்பங்களும் தம் பங்குக்குக் கெடுக்கின்றன. நூற்றுக்குப் பதினைந்து பங்கு வேலைகூடச் செய்ய முடியாத நிலைக்கு வந்தால் அதைச் சிறுநீரகச் செயலிழப்பு என்கின்றார்கள். பல ஆண்டுகளாகக் கெட்டு இந்த நிலைக்கு வந்த சிறுநீரகத்தைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றைய தேதி வரையில் உலகத்தில் எங்கும் இல்லை. இருக்கின்றது என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் மடியிலிருக்கும் பணத்தைப் பார்த்துச் சொல்லுகின்றார் என்பதே பொருள்.

இந்த நிலையில் முதியவர் முன் இருக்கும் வழிகள் நான்கு.

ஒன்று, யந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் என்பது கணக்கு. ஆண்டுக்கு 156 நாள் ஆயிற்று. கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வருகிறவருக்கு அந்த நாள் முழுவதும் போய்விடும். பலருக்கு அன்று மாலை முழுவதும் அசதியாகவே இருக்கும். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். இளநீர், வாழைப்பழம் முதலியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. இவ்வளவும் இருந்தாலும் இதனால் ஆண்டுக் கணக்கில் நல்லபடியாக வாழ்ந்து, பேரன் பேத்திகளோடு இருப்பவர்களும் ஏராளம்.

இரண்டு, வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதன் வழியாகச் சுமார் 2 லிட்டர் திரவத்தை நாளுக்கு 3, 4 தடவை விட்டு எடுப்பது. இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கை சுத்தம் மிகவும் முக்கியம், இல்லாவிட்டால் வயிற்றில் சீழ் பிடித்துவிடும். 2021இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. இதைக் கேள்விப்பட்டிருக்கிற முதியவர்கள் எத்தனை பேர்?

மூன்று, மாற்றுச் சிறுநீரகம் வைப்பது. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டில் வேலூரிலேயே இது வெற்றியாக நடந்திருக்கின்றது. வயதாகிவிட்டது என்கின்ற ஒரே காரணத்துக்காக இது தள்ளப்பட வேண்டியதில்லை என்றாலும், இருதயமும் உடம்பும் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும், கொடுப்பவரும் வேண்டும். இதிலும் ஒரு அநியாயத்தைக் கவனியுங்கள். உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெற்றுக்கொள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொடுக்கும்போது "மனைவியின் கடமை" என்கிறவர்கள், அந்த மனைவிக்கே வியாதி வந்தால் "வயசாகிவிட்டது" என்கின்றார்கள்.

நான்கு, யந்திரம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, மூச்சுத் திணறல், அரிப்பு, குமட்டல், இரத்தச் சோகை, வலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் சரியான மருந்து கொடுத்து, இருக்கும் நாட்களைச் சௌகரியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வைத்தியம். இதைக் கைவிட்டுவிடுதல் என்று நினைப்பது தப்பு. கைவிடுவது வேறு, இது வேறு. இதற்கும் டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும், கவனிப்பு வேண்டும். இவ்வழியில் போனவர்களில் சிலர் மாதக் கணக்கிலும், சிலர் ஆண்டுக் கணக்கிலும் இருந்திருக்கின்றார்கள்.

இந்த நான்கில் எது உத்தமம் என்று எவராவது எல்லாக் கிழவருக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னால், அவர் வைத்தியம் சொல்லவில்லை, வேதம் சொல்லுகின்றார் என்று அறியுங்கள்.

வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து

இப்போது தீர்ப்பு எழுதுகிறவர்கள் யார் யார் என்று பார்ப்போம்.

முதலாவது பஞ்சாயத்தார் தலைவிதி. "எழுதினபடி நடக்கும்" என்று சொல்லிவிட்டால் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம். எழுதினபடிதான் நடக்கும் என்று நம்புகிறவர் ஆஸ்பத்திரி வரைக்கும் எதற்காக வந்தார்? கால் வீங்கியபோது சோசியரிடம் போய், கிரக சாந்தி செய்து, மண்டலம் 48 நாள் விரதம் இருந்து, கடைசியில் மூச்சு முட்டும்போது நள்ளிரவில் டாக்டர் கதவைத் தட்டுகிறார்கள். நிதானமாக யோசித்து முடிவு செய்திருக்க வேண்டிய மாதங்களையெல்லாம் சோசியர் சாப்பிட்டுவிட்டார். இப்போது யோசிக்க 10 நிமிஷங்கூட இல்லை. கழுத்தில் அவசரக் குழாய் ஏறுவதன்றி வேறு வழி இல்லை. முன்கூட்டியே வந்திருந்தால் கையில் சிறு ஆபரேஷன் செய்து இரத்தக் குழாயைப் பக்குவப்படுத்தி வைத்திருக்கலாம். அதற்குச் சில வாரங்கள் வேண்டும். அந்த வாரங்கள் எங்கே?

இரண்டாவது பஞ்சாயத்தார் டாக்டர். டாக்டர்களை நாம் பழிக்கவில்லை. அவர்கள் படிப்பினால் உலகம் அடைந்திருக்கும் நன்மை கொஞ்சமல்ல. ஆனால் டாக்டர் சொல்வதைக் கேள்வி கேட்கக்கூடாத மந்திரமாக நாம் ஆக்கி வைத்திருக்கின்றோம். "கிரியேட்டினின் 6க்கு வந்துவிட்டது, நாளைக்கே தொடங்க வேண்டும்" என்றால் தொடங்கிவிடுகின்றோம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடத்திய ஒரு பரீட்சையின் முடிவு 2010இல் வெளிவந்தது. எண்ணிக்கையைப் பார்த்து முன்னதாகவே டயாலிசிஸ் தொடங்கியவர்களும், டாக்டர் மேற்பார்வையில் உடம்பின் குறிகளைக் கவனித்து ஏறத்தாழ அரை ஆண்டு பின்னதாகத் தொடங்கியவர்களும், உயிர் வாழ்ந்ததில் வித்தியாசம் காணப்படவில்லை. அதாவது காகிதத்திலுள்ள எண் ஒன்றே கட்டளை போட முடியாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டாலும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டாலும் காத்திருக்கக் கூடாது என்பது வாஸ்தவம். ஆனால் அப்படிப்பட்ட அவசரம் இருக்கின்றதா, இல்லையா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டா, இல்லையா?

மூன்றாவது பஞ்சாயத்தார் ஊர். "பெற்ற தகப்பனுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டான் என்று ஊர் பேசுமே" என்பது மகனுக்குக் கவலை. இந்தக் கவலையால் வைக்கும் வைத்தியம் தகப்பனுக்கு வைத்தியமா, ஊர் வாய்க்கு வைத்தியமா? வாழ்நாளெல்லாம் தகப்பனிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாதவர், கடைசியில் நிலத்தை அடமானம் வைத்து யந்திரத்தில் ஏற்றித் தம் பக்தியை விளம்பரம் செய்துகொள்ளுகின்றார். கருமாதிக்குக் கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான்காவது பஞ்சாயத்தார் பணம். இவர் பேசுவது வெளியே கேட்காது. ஆனால் பல வீடுகளில் கடைசித் தீர்ப்பு இவருடையதுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸுக்கு இடம் உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் எதுவானாலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் காப்பீடு என்று இந்திய சர்க்கார் 2024 அக்டோபரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கிற்று. இவை கிடைக்குமா என்று விசாரிக்காமலே, "நம்மால் முடியாது" என்று கிழவியை வீட்டுக்குக் கொண்டுபோவது எந்த நியாயம்? அதேபோல், வீட்டை விற்றுத்தான் தம் உயிரை இழுத்துக்கொண்டிருக்கின்றார்கள் என்பதைக் கிழவருக்கு மறைப்பது எந்த நியாயம்? அது தெரிந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டீர்களா?

வயது ஒரு நியாயமா?

"கிழவர்தானே" என்கின்ற ஒரு வார்த்தையில் இரண்டு அக்கிரமமும் அடங்கியிருப்பதால் வயதைப் பற்றிச் சற்று சொல்ல வேண்டும்.

இந்த யந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் ஹாலந்து தேசத்து டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பவர். ஜெர்மன் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943இல், மரத்தாலான உருளையில் செலஃபேன் குழாயைச் சுற்றி இதைச் செய்தார். முதலில் இதில் வைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோனார்கள். 1945இல் இதனால் பிழைத்து எழுந்த முதல் ஆள் யார் தெரியுமா? 67 வயதுக் கிழவி! "வயசாகிவிட்டது, விட்டுவிடு" என்று அன்று அந்த டாக்டர் நினைத்திருந்தால் யந்திரத்தின் கதையே வேறாயிருக்கும்.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். சியாட்டில் நகரத்தில் டாக்டர் ஸ்கிரிப்னர் 1960இல் இரத்தக் குழாயில் நிலையாக ஒரு குழாயைப் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்ததால், திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வது சாத்தியமாயிற்று. ஆனால் யந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். ஆகவே யார் பிழைப்பது, யார் சாவது என்று தீர்மானிக்க 7 பேர் கொண்ட ஒரு கமிட்டியை வைத்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஒரு பாங்கிக்காரர், ஒரு குடும்பப் பெண்மணி, ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு தொழிலாளர் தலைவர், ஒரு சர்ஜன். 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் முன்னமேயே தள்ளப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியவர்களில் யாருக்குச் சொத்து எவ்வளவு, உத்தியோகம் என்ன, மாதா கோவில் காரியங்களில் ஈடுபாடு உண்டா என்பதெல்லாம் பேச்சில் வந்ததாம். 1962இல் 'லைஃப்' பத்திரிகை இதை வெளியிட்டபோது பலரும் திடுக்கிட்டார்கள். கோவிலுக்குப் போகிறவனுக்குத்தான் சிறுநீரகம் என்றால், போகாதவன் இரத்தம் இரத்தமில்லையா? கடைசியில் 1972இல் சட்டம் செய்து, ஏறத்தாழ எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை அந்த நாட்டு சர்க்காரே ஏற்றுக்கொண்டது.

அங்கே கமிட்டி ஒழிந்தது. இங்கே வீட்டுக்கு வீடு அதே கமிட்டி உட்கார்ந்திருக்கின்றது. அங்கேயாவது நோயாளிக்குத் தம் வியாதி இன்னதென்று தெரியும்!

ஆனால், கமிட்டி ஒழிந்த நாட்டில் இன்னொரு தப்பு முளைத்தது. எல்லோரையும் ஏற்றலாம் என்றவுடன், ஏறத் தகாதவரையும் கேட்காமலே ஏற்றத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்து டயாலிசிஸ் தொடங்கிய 3702 பேருடைய கணக்கு 2009இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் 100க்கு 58 பேர் இறந்துபோனார்கள். தம் காரியத்தைத் தாம் செய்துகொள்ளும் சக்தி முன்போல் குறையாமல் இருந்தவர்கள் 100க்கு 13 பேர்தான். இங்கிலாந்தில் 75 வயதுக்கு மேற்பட்ட 129 பேரைக் கவனித்து 2007இல் எழுதினார்கள். மொத்தத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் அதிக காலம் இருந்தார்கள். ஆனால் இருதய வியாதியும் வேறு பல வியாதிகளும் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த லாபம் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று.

இதற்கு என்ன அர்த்தம்? தோட்டத்துக்கு நடந்துபோய் வருகிற 78 வயதுக்காரருக்கு யந்திரம் ஆண்டுகளைக் கொடுக்கலாம். படுக்கையில் கிடந்து, இருதயமும் கெட்டுப்போன 66 வயதுக்காரருக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவை மாத்திரம் கொடுக்கலாம். ஆகவே வயது என்பது ஏற்றுவதற்கும் நியாயமல்ல, இறக்குவதற்கும் நியாயமல்ல. அவரவர் உடம்பின் நிலைமை என்ன, அவரவர் விருப்பம் என்ன என்பதே நியாயம். உடம்பின் நிலைமையை டாக்டர் சொல்லலாம். விருப்பத்தை யார் சொல்ல முடியும்?

கேட்காமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கின்றது. கனடாவில் 584 சிறுநீரக நோயாளிகளை விசாரித்து 2010இல் வெளியிட்டார்கள். டயாலிசிஸ் தொடங்கியதற்காக வருந்துவதாக 100க்கு 61 பேர் சொன்னார்கள். பின் ஏன் தொடங்கினீர்கள் என்றதற்கு, 100க்கு 52 பேர் டாக்டர் விருப்பம் என்றார்கள், 14 பேர் குடும்பத்தார் விருப்பம் என்றார்கள். படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க் கிழவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

"சொன்னால் பயந்துபோவாரே!"

இதைச் சொன்னால் உடனே சில கனவான்கள், "உண்மையைச் சொன்னால் பாவம், பயந்தே செத்துப்போவார்" என்கின்றார்கள். அய்யா! அந்தக் கிழவர் பஞ்சம் பார்த்தவர், பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவர், மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் கரையேற்றியவர். அவருக்கு இல்லாத தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உண்மையில் பயப்படுகிறவர் அவரல்ல. அவரிடம் சொல்ல வேண்டியிருக்கின்றதே என்று பயப்படுகிறவர் நீங்கள். உங்கள் பயத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். தவிரவும், கழுத்தில் குழாயும் கண்ணில் நீருமாக எல்லோரும் சுற்றி நிற்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறீர்களே, அவ்வளவு முட்டாளா அவர்? தெரிந்துகொண்டு, கேட்கவும் முடியாமல் தனியாக அல்லவா அவர் பயப்படுகின்றார்! சிலர், "எனக்கு விவரம் வேண்டாம், மகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லலாம். நல்லது, அதுவும் அவர் முடிவு. ஆனால் அதையும் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

"படிக்காதவருக்கு என்ன புரியும்?" என்பது அடுத்த கேள்வி. வட்டிக் கணக்கு அவருக்குப் புரிகின்றது. வாய்க்கால் முறை புரிகின்றது. "வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும், போனால் இன்னின்ன லாபம், இன்னின்ன கஷ்டம்" என்பது மாத்திரம் புரியாதா? புரியும்படி சொல்லத் தெரியாதது சொல்லுகிறவர் குற்றம். அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம், ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளையும் எளிய முறையில் விளக்கி, அவர்கள் மதிப்பது எது என்று அவர்களையே யோசிக்கச் செய்யும் ஒரு சாதனத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவுப்படி, அதைப் பார்த்தவர்களுக்கு விஷயமும் அதிகம் தெரிந்தது, மனக்குழப்பமும் குறைந்தது.

"டயாலிசிஸ் வேண்டாம் என்பதும், நடுவில் நிறுத்துவதும் தற்கொலை அல்லவா?" என்பது மூன்றாவது கேள்வி. அல்ல. சாகடிப்பது வியாதி. யந்திரம் அதைத் தள்ளிப்போடுகின்றது. தள்ளிப்போடுவதற்கு ஆகும் கஷ்டம் தமக்குத் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் அதை அனுபவிக்கிறவர். ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இருப்பது சில நாட்கள், மிஞ்சினால் இரண்டொரு வாரம் என்பதையும், அந்த நாட்களில் வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள மருந்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

இதெல்லாம் நம் சொந்தச் சரக்கு என்று யாராவது நினைத்தால், நாட்டின் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருப்பதைப் பார்க்கட்டும். மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயாரிடம் மாத்திரம் சம்மதம் வாங்கி ஆபரேஷன் செய்த வழக்கில், 2008இல் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. வயது வந்து, புத்தி தெளிவோடிருக்கும் நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாகத் தாயார் சம்மதம் செல்லாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர என்றது. என்ன சிகிச்சை, என்ன நன்மை, வேறு என்ன வழி, என்ன ஆபத்து, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கு டாக்டர் சொல்ல வேண்டும் என்றும் கூறிற்று. 2018 மார்ச்சில் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், மானத்தோடு சாவதும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும், பிற்காலத்தில் தமக்குப் பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொல்லிற்று. 2023 ஜனவரியில் அந்த முறையை எளிதாக்கி, 2 சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற உத்தியோகஸ்தர் முன் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கினார்கள். சொத்துக்கு உயில் எழுதத் தெரிந்த நம்மவர்களுக்கு, தம் உடம்புக்கு எழுதலாம் என்பது தெரியாமல் இருக்கின்றது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு முதியவர் இருந்தால், மூச்சு முட்டும் வரையில் காத்திராமல், புத்தியும் உடம்பும் தெளிவாக இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். டாக்டர் அறைக்குள் முதலில் அவரை உட்கார வையுங்கள். காது மந்தமானால் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்க வேண்டியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியம் செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும், எப்போது ஆகும்? செய்தால் என்னைப்போன்ற உடம்பு உள்ளவருக்கு எவ்வளவு காலம் கூடும்? கூடும் நாட்கள் எப்படிப்பட்ட நாட்களாக இருக்கும்? வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? இரண்டு மூன்று மாதம் செய்து பார்த்து, ஒத்துவராவிட்டால் நிறுத்தலாமா? வேண்டாம் என்றால் என் திணறலுக்கும் வலிக்கும் யார் மருந்து கொடுப்பார்கள்? செலவு எவ்வளவு, சர்க்கார் எவ்வளவு கொடுக்கும்? இந்த ஏழு கேள்விக்கும் பதில் சொல்லாத இடத்தில், அவசர ஆபத்து இல்லாவிட்டால், கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அதன்பிறகு அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேளுங்கள். ஒருவர், பேத்தி படிப்பு முடியும் வரையில் எப்படியாவது இருக்க வேண்டும் என்பார். இன்னொருவர், என் கட்டிலில், என் திண்ணையில் இருந்தால் போதும் என்பார். இரண்டும் சரியான பதில்தான். முடிவு சொன்ன பிறகு நாளைக்கு அவர் மனம் மாறினால், மாறிய முடிவும் அவருடையதே.

நம் தோழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் டயாலிசிஸை டாக்டரிடம் பேசாமல் யாரும் நிறுத்திவிடக் கூடாது. அதுபோலவே, "விஞ்ஞானம் சொல்லுகின்றது, ஏறு யந்திரத்தில்" என்று முதியவருக்குக் கட்டளை போடுகிற பகுத்தறிவுக்காரரும், "கடவுள் விட்ட வழி, இறங்கு" என்கின்ற புரோகிதரும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றார்கள். விஞ்ஞானம் என்ன நடக்கும் என்று சொல்லும். எதற்காக வாழ வேண்டும் என்பதை வாழ்கிறவர்தான் சொல்ல வேண்டும். நம் வேலை விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, புரியாததைப் புரியவைப்பது, அவர் முடிவு செய்த பிறகு அதற்குத் துணை நிற்பது. நம் முடிவை அவர் வாயில் திணிப்பது நம் வேலையல்ல.

மனிதனுக்கு மானமும் அறிவும் 60 வயதில் ரிட்டயர் ஆவதில்லை. எலும்பு தேயலாம், கண் மங்கலாம், சிறுநீரகம் நின்றுபோகலாம். "என் உடம்பைப் பற்றி என்னைக் கேள்" என்று சொல்லும் உரிமை மாத்திரம் கடைசி மூச்சு வரையில் நிற்பதில்லை. ஆகவே, நாளைக்கு டாக்டர் வெளியே வந்து, "பையன் யாராவது உள்ளே வாங்க" என்றால், பையன் எழுந்திருக்க வேண்டாம். பெஞ்சில் இருக்கும் பெரியவரைக் கைகொடுத்து எழுப்பி, "அய்யா, உங்களைத்தான் கூப்பிடுகின்றார்கள், நான் கூட வருகின்றேன்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போகட்டும்.